நிறுத்தி வைக்க ஒரு பேராசிரியர்

கேள்வி: பாடமெல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே, கல்லூரி ஆசிரியர் எதற்கு?
(பொறியியல் மாணவர், நாமக்கல்)

பதில்: ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய இலவச வீடியோ பாடத் திட்டமான என்பிடெல்லில் (NPTEL) பேராசிரியரைப் பாதி வாக்கியத்தில் நிறுத்தலாம், பின்னுக்கு ஓட்டலாம், ஒரே சமன்பாட்டைப் பத்து முறை சொல்ல வைக்கலாம். முகம் சுளிக்க மாட்டார். இந்தப் பொறுமை பெரிய வரம். (சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போக வேண்டும்.)

ஆனால் நீங்கள் புரியாமலே தலையாட்டுவது அவருக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க எதிரே ஓர் ஆள் வேண்டும். வீடியோவை வீட்டில் பார்த்துவிட்டு வாருங்கள். கணக்கை வகுப்பில், பக்கத்து பெஞ்சோடு சண்டை பிடித்துப் போடுங்கள். அப்படி நடத்தும் ஆசிரியரைச் சோம்பேறி என்காதீர்கள். அறுபது நோட்டையும் எட்டிப் பார்த்து, எந்த வரியில் தவறு நுழைந்தது என்று காட்டுகிற அவருக்குத்தான் வேலை அதிகம்.