சிவப்பு விழுந்தா போதுமா, கவர் எங்க?

கல்முனைப் பக்கத்தில் கரம் விளையாடுகிறவர்களோடு உட்கார்ந்து படம் பார்க்கப் பொறுமை வேண்டும். கதாநாயகன் தகப்பனைப் பறிகொடுத்துக் கதறினாலும் அவர்கள் அசையமாட்டார்கள். அதே ஆள் ஒரு கரம் பலகைக்கு முன்னால் குந்திவிட்டால் போதும், அத்தனை பேரும் நடுவர்களாகிவிடுவார்கள். “ஸ்ட்ரைக்கர் ரெண்டு கோட்டுலயும் முட்டல்ல, ஃபவுல்” என்பார் ஒருவர். “சிவப்பப் போட்டவன் கவர் போடாம எழும்பிட்டான், என்ன மனே இது?” என்பார் மற்றவர். பின்னணி இசை உச்சத்துக்குப் போய், வில்லன் வாசலில் வந்து நின்றாலும், சிவப்புக்குப் பின்னால் கவராகப் போடவேண்டிய சொந்தக் காய் விழுகிற வரைக்கும் யாருக்கும் அவன் கணக்கில்லை.

இவர்களுக்குப் பெருநாள் போல வந்த படம் வெற்றிமாறனின் ‘வட சென்னை’. 2018 ஒக்டோபரில் வெளியான அந்தப் படத்தில் தனுஷ், அன்பு என்ற கரம் ஆட்டக்காரனாக வருகிறார். களம் பொய்யில்லை. இருமுறை உலகச் சாம்பியனாகி, அர்ஜுனா விருதும் வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணத்தில் மூன்று தங்கம் எடுத்த காசிமா, வடசென்னையில் ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள். ஆக, பலகையை வைக்கவேண்டிய இடத்தில்தான் இயக்குநர் வைத்திருக்கிறார். ஆனால் பலகைக்கு மேலே காய் ஓடுவதைவிடப் பலகையைச் சுற்றிக் கத்தி ஓடுவதுதான் அதிகம். கல்முனைக்குடியில் பல வருடமாகப் பலகையோடு கிடக்கும் ஒரு காக்காவின் தீர்ப்பு இது: “பொடியன்ட விரல் பரவால்ல. ஆனா ஒரு போர்ட்டாவது முதலிலிருந்து கடைசி வரைக்கும் காட்டினானா?”

காட்டவில்லை. அதற்கு எட்டு வருடம் முன்னால், மும்பை மால்வானியின் கரம் சூதாட்டத்தைப் பற்றிச் சித்தார்த் நடித்த ‘ஸ்ட்ரைக்கர்’ என்ற இந்திப் படம் வந்தது. அதன் பெயரே ஆட்டத்திலிருந்து எடுத்ததுதான். அதிலும் காக்கா கேட்ட முழு போர்ட் கிடைக்காது.

கெமராக்காரர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆடுகிற பரப்பு 74 சென்ரிமீற்றர்ச் சதுரம். மூலைக் குழியின் விட்டம் நாலரை சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, காயின் விட்டம் மூன்றுக்குக் கொஞ்சம் கூட. ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமைத் தாண்டக்கூடாது. இந்தச் சின்ன உலகத்தில் நடப்பதைச் சரியாகப் பார்க்க மேலேயிருந்துதான் பார்க்கவேண்டும். மேலேயிருந்து பார்த்தால் கதாநாயகனின் உச்சந்தலைதான் தெரியும். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் முகத்தை விட்டுவிட்டு உச்சந்தலையைக் காட்ட எந்தத் தயாரிப்பாளர் சம்மதிப்பார்? அதனால் முதலில் முகம், பிறகு விரல், பிறகு குழிக்குள் விழும் காய் என்று வெட்டி வெட்டி ஒட்டுகிறார்கள். முகம் ஒருவருடையது, விரல் இன்னொருவருடையது, காய் மூன்றாம் ஆள் கையால் உருட்டிவிட்டது என்றாலும் கொட்டகைக்குத் தெரியாது. பலகைக்காரனுக்குத் தெரியும்.

இந்தத் திருட்டை வெள்ளைக்காரர்கள் பூல் மேசையில் எப்போதோ செய்து பார்த்துவிட்டார்கள். 1961 இல் வந்த ‘த ஹஸ்லர்’ படத்துக்கு ஆலோசகராக வில்லி மொஸ்கோனியை அழைத்தார்கள். சும்மா ஆள் இல்லை. 1954 இல் ஒஹாயோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒன்றுகூடத் தவறாமல் தொடர்ந்து 526 பந்துகளைக் குழிக்குள் தள்ளியவர். படத்தில் பந்தயக் காசைப் பிடித்துக்கொண்டு நிற்பவராகவும் அவரே தலைகாட்டுகிறார். நடிகர்களில் ஜெக்கி கிளீசனுக்கு முன்பே நல்ல ஆட்டம் தெரியும், தன் அடிகளைத் தானே அடித்தார். போல் நியூமனோ மொஸ்கோனியிடம் பாடம் கேட்டு வந்தவர், கஷ்டமான இடத்தில் மொஸ்கோனியின் கை நியூமனின் கையாகிவிடும். இருபத்தைந்து வருடம் கழித்து வந்த ‘த கலர் ஒஃப் மணி’யில் டொம் க்ரூஸ் ஏறக்குறைய எல்லா அடியையும் பழகித் தானே அடித்தார். இரண்டு பந்துகளுக்கு மேலால் பாய வேண்டிய ஓர் அடியை மட்டும் மைக் சீகல் என்ற சாம்பியன் அடித்துக் கொடுத்தார். அதைப் பழகிவர நாள் பிடிக்கும், படப்பிடிப்பில் நாள் என்றால் காசு. ஒரே ஓர் அடிதான் இரவல் என்றால் நம்முடைய காக்காவும் மன்னித்துவிடுவார்.

‘த ஹஸ்லர்’ கறுப்பு வெள்ளைப் படம். அதனால் ஆட்டம் கெட்டுப்போகவில்லை. அதில் ஆடுவது எந்தப் பந்தைப் போட்டாலும் ஒரு புள்ளி என்ற ஆட்டம், நிறம் பார்க்கத் தேவையில்லை. கரத்தைக் கறுப்பு வெள்ளையில் படம்பிடித்திருந்தால் சிவப்பும் கறுப்பும் ஒன்றாகத் தெரிந்து, அடிதடி கொட்டகைக்குள்ளேயே நடந்திருக்கும்.

சரி, அடியைத் திறமாகக் காட்டிவிட்டால் ஆட்டத்தைக் காட்டியதாகிவிடுமா? அங்கேதான் திரைக்காரர்கள் முழுசாகத் தோற்கிறார்கள். நோன்பு மாதத்தில் தராவீஹ் முடிந்த பிறகு ஒழுங்கையில் நடக்கும் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கிறது ஒருவர் என்றால் அடிக்கச் சொல்லிக்கொடுக்கிறது ஒன்பது பேர். ஒவ்வொருவர் விரலும் ஒவ்வொரு குழியைக் காட்டும். கடலோரம் என்பதால் மாரி காலத்தில் பலகை ஈரம் குடித்துக் காய் நகர மறுக்கும். பலகைக்கு மேலே கம்பியில் தொங்கும் பல்பு வெளிச்சத்துக்கு மட்டும் இல்லை, சூட்டுக்கும்தான். பவுடர் கூடிவிட்டது என்று ஒருவர் ஊதுவார், காணாது என்று மற்றவர் தூவுவார், மிச்சம் சாறனில் கிடக்கும். ஒரு காய் குழியின் விளிம்பில் நின்றுகொண்டு விழுவதா வேண்டாமா என்று யோசிக்கும்போது, பலகையில் யாருடைய முழங்கால் முட்டியது என்ற வழக்கு தொடங்கும். அந்த வழக்குக்கு சஹர் வரைக்கும் தீர்ப்பு வராது.

இதில் எது திரையில் வந்திருக்கிறது? சர்வதேச விதிப்படி ஆட்டக்காரர் உட்கார்ந்த கதிரையை நகர்த்தவே கூடாது. திரைக் கதாநாயகனோ ஒவ்வொரு அடிக்கும் துள்ளி எழும்பி, கதிரையைப் பின்னால் உதைத்து, எதிராளியை முறைப்பான். விதிகளைப் பார்த்தால், காதலியை அடையும் முன்பே ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட வேண்டியவன். அவன் அடிக்கும் காய் தவறியதே கிடையாது என்பது தனிக் கேவலம். இடைவேளைக்கு முன்னால் ஒருமுறை தவறலாம், அதுவும் கைக்குக் காயம்பட்டிருந்தால் மட்டும்.

தொலைக்காட்சி கரம் விரலை நேர்மையாகக் காட்டியது ஒரே ஒரு தடவை என்று சொல்லலாம். அதுவும் கிரிக்கெட்டில். 2008 ஜூலை 6 ஆம் திகதி, கராச்சியில் ஆசியக் கிண்ண இறுதியாட்டம். இலங்கையின் அஜந்த மெண்டிஸ் 13 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்தார், இந்தியா 100 ஓட்டங்களால் தோற்றது. அவர் நடுவிரலால் சுண்டிவிட்ட பந்துக்குக் ‘கரம் பந்து’ என்றே பெயர். சினிமா ஒதுக்கிவிட்ட அந்த ஒற்றை விரலை, ஒளிபரப்புக்காரர்கள் திரை நிறைய, மெதுவாக, திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். அதைப் பார்த்துக் கரம் விளையாடாத ஊர்க்காரரும் நடுவிரலைச் சுண்டிப் பார்த்துக்கொண்டார்கள். “மட்டை பிடிக்கிறவன் கோட்ட முட்டுறானா எண்டு பாக்கத் தேவல்ல, அதான் நிம்மதி” என்றார் காக்கா.

பூல் விளையாட்டை வைத்துத் தொலைக்காட்சி எடுத்த நாடகங்களில் பேர்பெற்றது ‘த ட்வைலைட் ஸோன்’ தொடரின் ‘எ கேம் ஒஃப் பூல்’. 1961 ஒக்டோபர் 13 இல் அமெரிக்காவில் ஒளிபரப்பானது. சிகாகோவின் பூல் கூடமொன்றில் ஜெஸி கார்டிஃப் என்ற ஆட்டக்காரன், செத்துப்போன சாம்பியன் ஃபெட்ஸ் பிரவுன் வந்தால் தோற்கடித்துக் காட்டுவேன் என்று சவால்விட, மற்றவர் உண்மையாகவே வந்து நிற்கிறார். பந்தயம் உயிர். ஜாக் கிளக்மனும் ஜொனதன் விண்டர்ஸும் பேசிக்கொண்டே ஆடுகிறார்கள். எதிராளியைப் பேச்சால் குழப்புவதைத் திரையில் இவ்வளவு சரியாகக் காட்டியது அபூர்வம். கணக்குதான் இடிக்கிறது. முதலில் 300 புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. பந்துக்கு ஒரு புள்ளி, ஒரு தடவை அடுக்கினால் பதினாலு பந்து. இருபது தடவைக்கு மேல் அடுக்காமல் ஆட்டம் முடியாது, நாடகமோ அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடுகிறது.

கார்டிஃப் வெல்கிறான். வென்றதற்குக் கிடைக்கும் தண்டனை, செத்த பிறகும் எவன் சவால்விட்டாலும் இறங்கிவந்து ஆடவேண்டும். இந்தக் கதையைக் காக்காவிடம் சொன்னபோது முதலில் “அஸ்தஃபிருல்லாஹ்” என்றார். பிறகு, அது தண்டனையா பரிசா என்று ஒரு பிளேன்டீ முடியும்வரை யோசித்தார். கடைசியில் அவருக்கு வந்தது வேறொரு சந்தேகம்: “இருவது தரம் பந்த அடுக்கினது ஆரு மனே? உசிரோட இரிக்கிறவன்தானே?”