நாக்குக்கு முட்டுக்கொடுப்போர் சங்கம்

திக்கிப் பேசுகிறவன் ஒருவனைக் கண்டால் நாகரிக உலகத்துக்குக் கை சும்மா இருப்பதில்லை. அவன் வாய்க்குள் எதையாவது வைக்க வேண்டும், அல்லது உள்ளே இருப்பதை வெட்டி எடுக்க வேண்டும். கிரேக்கத்து டெமாஸ்தனீஸ் கூழாங்கற்களை வாயில் அடக்கிக்கொண்டு பேசிப் பழகினார் என்று கதை சொல்வார்கள். அவராவது தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் அடுத்தவர் வாயில் போட்டார்கள். நம் பாட்டிகள் வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினார்கள். பாட்டிகளை விட்டுவிடலாம், அவர்கள் கட்டணம் கேட்கவில்லை.

1817-ல் பிரெஞ்சு மருத்துவர் இட்டார், நாக்கு பலவீனமாக இருப்பதுதான் காரணம் என்று முடிவு கட்டி, அதற்கு அடியில் முட்டுக்கொடுக்கத் தங்கத்திலோ தந்தத்திலோ ஒரு கவையைச் செய்து வைத்தார். 1841-ல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற அறுவை மருத்துவர் இன்னொரு படி மேலே போனார். மாறுகண்ணைச் சரிசெய்யக் கண்தசையை அறுத்துப் பெயர் வாங்கியவர் அவர். கண் இழுத்துக்கொண்டது, அறுத்தோம், நேரானது. நாக்கும் இழுத்துக்கொள்கிறது, அதையும் அறுப்போம். அவ்வளவுதான் அவருடைய தர்க்கம். நாக்கின் வேர்ப்பகுதியில் ஆப்பு வடிவத்தில் சதையை வெட்டி எடுத்தார். ஈதர் மயக்கத்தைப் பாஸ்டனில் உலகுக்குக் காட்டியது 1846-ல். அதாவது கத்தி இறங்கும்போது ஆள் விழித்துக்கொண்டுதான் இருந்தான். குணமாகிவிட்டது என்று மருத்துவர் எழுதிவைத்தார். வாயில் தையலோடு கிடப்பவன் எதற்குத் திக்கப் போகிறான்? சில மாதங்களில் ஐரோப்பாவின் மற்ற ஊர்களிலும் கத்திகளைத் தீட்டினார்கள். 1850-களில் ஃபிலடெல்ஃபியாவின் ராபர்ட் பேட்ஸ், வாய்க்குள் வைக்க வெள்ளிக்குழாயும் கழுத்தைச் சுற்றிக் கட்டப் பட்டையும் செய்தார். கழுத்தில் பட்டை கட்டுவதற்கு நாம் வேறு உயிர்களைத்தான் வைத்திருக்கிறோம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

பிறகு மின்சாரம் வந்தது. வாயை விட்டுவிட்டுக் காதைப் பிடித்தார்கள். 1970-களின் எடின்பரோ மாஸ்கர் என்ற கருவியில், தொண்டையில் ஒட்டிய ஒலிவாங்கி நாம் பேசத் தொடங்குவதை மோப்பம் பிடிக்கும். உடனே காதுக்குள் ஒரு ரீங்காரத்தை ஊற்றும். நம் குரல் நமக்கே கேட்காமல் போனால் பேச்சு சரளமாகும் என்பது கணக்கு. உண்மையிலேயே பலருக்கு ஆனது. அடுத்து, நம் குரலையே நொடியில் பத்தில் ஒரு பங்கு போலத் தாமதித்து, சுருதியையும் சற்று மாற்றிக் காதுக்குத் திருப்பி அனுப்பும் கருவிகள். கூட்டத்தோடு சேர்ந்து படிக்கும்போது அநேகமாக யாருக்கும் திக்குவதில்லை. அந்தக் கூட்டத்தை ஒற்றை ஆளின் காதுக்குள் போலியாக உண்டாக்குகிறார்கள். கருத்து அழகானதுதான். அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து 2001-ல் வந்த ஸ்பீச்ஈசி இதைக் காதுக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கியது. 2003-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஓப்ரா வின்ஃப்ரி நிகழ்ச்சியில் ஒருவர் அதை மாட்டியதும் பேச்சு வந்தது, அரங்கம் கண்ணீர் விட்டது. அன்று விலை 4,000 டாலர் போல. கண்ணீர் இலவசம்.

அரங்கத்தில் யாரும் கேட்காத ஒன்று: குரல் வந்தால்தானே அதைத் திருப்பி அனுப்ப முடியும்? எங்களில் பலருக்கு அடைப்பு முதல் எழுத்திலேயே. எங்கள் பெயரைச் சொல்ல உதட்டைக் குவித்து நிற்கிறோம், குரல் இல்லை. நாலாயிரம் டாலர் கருவி காதுக்குள் பக்தியோடு காத்திருக்கிறது, திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லாமல். உரக்க வாசிக்கும்போது கிடைக்கும் பலன் இயல்பான உரையாடலில் குறைவதும், சிலருக்கு நாளாக ஆகக் கரைவதும் உண்டு. சிலருக்கு நன்றாகவே உதவுகிறது. அவர்கள் வாங்கட்டும், மாட்டட்டும். இன்று அதே வேலையைச் செய்யும் செயலி கைபேசியிலேயே கிடைக்கிறது. என் கோபம் கருவி மேல் இல்லை.

பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் திக்குகிறார் என்பது உலகெங்கும் சொல்லும் கணக்கு. இந்தியாவின் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அடுக்குகிறது. பேச்சு, மொழிக் குறைபாடும் அதில் உண்டு. உதாரணமாகக் குரல்வளை அகற்றப்பட்டவர்களையும் மூளை பாதித்துப் பேச்சிழந்தவர்களையும் சொல்கிறது. திக்கலின் பெயர் இல்லை. ஆக, சான்றிதழ் கேட்டுப் போனால், “உனக்கென்னப்பா குறை? நிதானமாப் பேசு, சரியாப் போயிடும்.” அதே ஆள் வேலை கேட்டுப் போனால், “எல்லாம் இருக்கு, கம்யூனிகேஷன் ஸ்கில்தான் பத்தாது.” ஒரே நாக்கு, மருத்துவமனையில் முழு ஆரோக்கியம், நேர்காணல் அறையில் முழு ஊனம். வெளியே வந்து வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், “உங்கள் பிரச்சினையைச் சொல்லுங்கள்” என்கிறது ஒரு தேன்குரல். சொல்வதற்குள், “மன்னிக்கவும், உங்கள் பதில் கிடைக்கவில்லை” என்று வைத்துவிடுகிறது. மனிதர்களின் பொறுமையை அச்சு அசலாகப் படியெடுத்திருக்கிறார்கள். மாலையில் மனசு ஆறப் படம் பார்க்கலாம் என்றால், நாயகனின் திக்குவாய் நண்பன் காதலைச் சொல்ல முயல, அதற்குள் பெண் பஸ் ஏறிப் போய்விடுகிறாள். கொட்டகை சிரிக்கிறது.

இப்போது என் திட்டத்தைச் சொல்கிறேன். தாமதக் குரலுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. 1950-லேயே பெர்னார்ட் லீ என்ற அமெரிக்கர் கவனித்துச் சொன்னது: சரளமாகப் பேசுகிறவனின் காதில் அவன் குரலையே தாமதித்து விட்டால், அவன் திக்கத் தொடங்குவான். எங்களைப் பேச வைக்கும் அதே தந்திரம் அவர்களைத் திணற வைக்கும். பிறகு ஜப்பானின் குரிஹராவும் சுகாடாவும் இதைத் துப்பாக்கி போன்ற ஒரு கருவியாகவே செய்தார்கள். பேசுகிறவரை நோக்கிக் குறிவைத்தால் அவர் குரலைச் சுமார் 0.2 நொடி தாமதித்து அவர் மேலேயே வீசும். அவர் வாய் தானாகச் சிக்கிக்கொள்ளும். பெயர் ஸ்பீச்ஜாமர். வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசுகளில் 2012-ன் ஒலியியல் பரிசு அதற்குத்தான்.

நேர்காணல் அறைகளுக்கு அரசு உடனே ஒப்பந்தப்புள்ளி கோரட்டும். குழுவின் தலைவர் தாமதக் குரல் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு தன் பெயர், பதவி, துறை மூன்றையும் சொல்ல வேண்டும். அவர் திணறும்போது எதிரே இருக்கும் பையன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “ரிலாக்ஸ் சார், மூச்சை இழுத்து விடுங்க” என்பான். இரண்டாம் முறையும் சிக்கினால், அவர் வாக்கியத்தை அவனே முடித்துவைப்பான், தப்பாக. பிறகு கடிகாரத்தைப் பார்ப்பான். “முடிவை மெயில்ல அனுப்புறோம் சார்.” அடுத்த கருவி கதை விவாதம் நடக்கும் ஓட்டல் அறைக்கு: இயக்குநர் தயாரிப்பாளரிடம் கதை சொல்லும் நாளன்று, முதல் பிரேமிலிருந்து இடைவேளை வரை கழற்றக் கூடாது. மூன்றாவது, “நிதானமாப் பேசுப்பா” என்று அறிவுரை சொல்லும் சித்தப்பாக்களுக்கு. சித்தப்பா ஒருவருக்கு ஒரு கருவி, கல்யாண வீடுகளில் கட்டாயம்.

இரவு எட்டு மணித் தொலைக்காட்சி விவாதங்களுக்கும் ஒன்று கேட்டு எழுதலாம் என்றிருந்தேன். ஸ்பீச்ஜாமர் செய்தவர்களின் குறிப்பே அதைத் தடுத்துவிட்டது. எழுதியதை வாசிப்பவர்களை அது நன்றாக நிறுத்துகிறதாம். தன்போக்கில் பேசுகிறவர்களிடம் வேகம் குறைவாம். பொருளில்லாத வெற்றுச் சத்தத்தை மட்டும் அதனால் நிறுத்தவே முடியாதாம்.