ரோபோ அங்கிள்

பத்தாங் காலியில் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் ஒரு ரோபோ அங்கிள் அகப்படுவார். பகலில் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை. இரவில் சாப்பாட்டு மேசைதான் அவருக்கு ஆய்வுக்கூடம். ரசக் கிண்ணத்துக்கு இந்தப் பக்கம் ஆர்டுயினோ போர்டு, அந்தப் பக்கம் சோல்டரிங் அயர்ன். குடும்பம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகி வெகுநாளாகிறது.

ரோபோவுக்கு உடம்பு மைலோ டின். பின்னால் மஞ்சள் மோட்டார் இரண்டு. முன்சக்கரம் ரோல்-ஆன் புட்டியின் உருண்டை. மகனின் ரோல்-ஆன் தீராமலே காணாமல் போவது அப்படித்தான். டின்னுக்கு மூடி மட்டும் கிடையாது. மூடினால் வேலை முடிந்துவிடுமே!

சாமான் எல்லாம் ஷோப்பியிலேயே கிடைக்கிறது. பினாங்கு சைட்ரான் கம்பெனி உள்நாட்டிலேயே போர்டு செய்து விற்கிறது. ஆனாலும் சனிக்கிழமை கொமுட்டர் ரயில் ஏறி கேஎல் போய், புடு ஜாலான் பாசார் கடைகளில் ரெசிஸ்டரைக் கத்திரிக்காய் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கினால்தான் அவருக்குத் திருப்தி. ரெசிஸ்டர் சில காசு. டிக்கெட், மதியச் சாப்பாட்டுக் கணக்கை ஆன்ட்டி வைத்திருக்கிறார்.

இத்தனைக்கும் ரோபோவுக்குத் தெரிந்தது ஒரே வேலை: சுவர் வந்தால் திரும்பும். முன்னால் இரண்டு கண் தெரிகிறதே, அவை கண் அல்ல. ஒன்று வாய், மற்றது காது. வாய் 40 கிலோஹெர்ட்ஸில் கத்தும், நமக்குக் கேட்காது. எதிரொலி வந்து சேரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடும். நேராகத்தான் போக வராது. ஒரே பெட்டியில் வந்த மோட்டார்கள்கூட ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. எங்கே விட்டாலும் கோணிக்கொண்டு சோபாவுக்கு அடியில் போய்ச் சேரும்.

"இதால என்னங்க பிரயோசனம்?"

அங்கிள் உடனே 1940களின் கடைசிக்குப் போவார். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கிரே வால்டர் என்ற மூளை ஆராய்ச்சியாளர் எல்மர், எல்சி என்று இரண்டு ஆமை ரோபோக்கள் செய்தார். பேட்டரி இறங்கினால் அவை தாமே சார்ஜ் ஏற்றும் கூண்டுக்குத் திரும்பும் என்பார்.

"அந்த ஆமையாச்சும் தானா வீட்டுக்குத் திரும்புச்சு. நீங்க ஜாலான் பாசார் போனா?"

தீபாவளி ஓப்பன் ஹவுஸில்தான் அரங்கேற்றம். டின்மேல் முறுக்குத் தட்டு. ரோபோ விருந்தாளியை நோக்கி வரும். அவர் கை நீட்டுவதற்குள் எதிரே தடை என்று கண்டு முறுக்கோடு திரும்பிவிடும். அடுத்தவரிடம் போகும், அங்கேயும் அதே கதை. கொடுக்க மனமில்லாத வீடு என்றுதானே ஊர் நினைக்கும்? புடவை கட்டியவர்களிடம் மட்டும் இந்தக் கஞ்சத்தனம் இல்லை. மடிப்பு மடிப்பாய்த் தொங்கும் துணி ஒலியைக் குடித்துவிடுகிறது; எதிரொலி இல்லையென்றால் சென்சாருக்கு ஆளே இல்லை. நேரே போய் முட்டி, தட்டு முறுக்கையும் காலடியில் கொட்டும்.

"லேடீஸ் ஃபர்ஸ்ட்னு புரோகிராம் பண்ணியிருக்கேன் லா," என்பார் அங்கிள்.

"அப்ப கூட்டுறது ஜென்ட்ஸ்," என்று ஆன்ட்டி துடைப்பத்தை நீட்டுவார்.