பயாஸ் கர்ணமும் ஒரு மெகாபைட் மானியமும்

கணினிக்குள் மின்சாரம் பாய்ந்ததும் முதலில் கண் விழிப்பவர் பயாஸ். ஊர்க் கர்ணம் மாதிரி. எது பட்டா, எது புறம்போக்கு என்ற கணக்கெல்லாம் அவர் கையில். இயங்குதளத்தின் மையமாகப் பின்னால் வரும் கெர்னல் பெரிய அதிகாரிதான், ஆனாலும் கைகட்டி நின்று கேட்டாக வேண்டும்: “ஐயா, நினைவகம் எவ்வளவு?”

1981-இல் ஐபிஎம் பிசி வந்தபோது வில்லங்கம் குறைவு. 8088 சில்லுக்கு எட்டிய முகவரியே மொத்தம் 1 மெகாபைட். அதில் 640 கிலோபைட் குடிகளுக்கு, மிச்சம் ஜமீனுக்கு. பின்னால் வந்த ஒரு கேள்விமுறை 16 பிட்டுக்குள் கிலோபைட் கணக்குச் சொன்னது. விளைவு, சுமார் 64 மெகாபைட்டுக்கு மேல் கர்ணத்துக்கு எண்ண வராது. நீங்கள் கடன் வாங்கி 128 செருகியிருந்தாலும் சரி.

அதன்பின் வந்தது ஈ820 என்ற கேள்விமுறை. இங்கிருந்து இதுவரை இன்ன வகை என்று வரிவரியாக அடங்கல். வரிக்கு வரி ‘எஸ்மேப்’ என்ற முத்திரை. கர்ணம் ஒழுங்காக எழுதியிருந்தால் அருமையான ஏற்பாடு. அவரோ ஒரே நிலத்தை ஓரிடத்தில் பட்டா என்பார், இன்னோரிடத்தில் ஒதுக்கீடு என்பார். லினக்ஸ் கெர்னல் இதற்கென்றே ஒரு பஞ்சாயத்து வைத்தது: மோதினால் எண் பெரிய வகைக்கே நிலம். சாதா நினைவகத்தின் எண் 1. ஆக, ஏழை எப்போதும் தோற்பான். சில பயாஸ்கள் பாதிப் பட்டியலில் முத்திரையை மறந்துவிடும். வந்தது பாதியா, முழுசா, பிதற்றலா? யாருக்குத் தெரியும்! லினக்ஸ் மொத்தத்தையும் கிழித்துப் போட்டுவிட்டுப் பழைய கேள்விமுறைக்கே திரும்பும்.

பொய்க்கணக்கைக்கூடப் பொறுக்கலாம். கர்ணம் தானே வயலில் இறங்கினால்? கணினி தூங்கி எழும்போது, ஏன், மானிட்டர் கேபிளைச் செருகும்போதுகூட, சில பயாஸ்கள் விழித்துக்கொண்டு, காலி என்று தாமே எழுதிக் கொடுத்த அடிநிலத்தை உழுதுவிட்டுப் போயின. விளைந்துநின்ற பயிர் கெர்னலுடையது. கேபிளுக்கும் வயலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கர்ணத்தையே யாரும் கேட்க முடியவில்லை. லினக்ஸ் முதல் 64 கிலோபைட்டை அவருக்கே மானியமாக விட்டது.

அதுவும் போதவில்லை. 2021-இல், தான் விழித்தெழத் தேவையான துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, முதல் 1 மெகாபைட்டையே லினக்ஸ் தலைமுழுகியது. நாற்பது வருடத்துக்கு முன் ஐபிஎம் பிசியின் மொத்தக் கிராமமே அவ்வளவுதான்.