வேட்டை நாய்க்கு யார் ஊசி போட்டார்கள்?

கோத்தகிரிக்கு வரும் சொந்தக்காரர்கள் எங்கள் நாய் ஜூலியின் தடுப்பூசி அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே பேச்சைத்தான் பேசுவார்கள். "அந்தக் காலத்துல வேட்டை நாய்க்கெல்லாம் யாரு ஊசி போட்டா? காட்டையே சுத்தி வந்துச்சு, கல்லுக்குண்டாட்டம் இருந்துச்சு." அந்தக் காலத்து நாய்களோடு வளர்ந்தவன் நான். அவை எப்படி இருந்தன என்பதைவிட எப்படிச் செத்தன என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

1970களில் கம்பம் பள்ளத்தாக்கில், மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். தாத்தாவிடம் எப்போதும் நாலைந்து கோம்பை இன நாய்கள் இருக்கும். முயல், உடும்பு, காட்டுப்பன்றி எதையும் விடாது. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எங்கள் பக்கம் நடைமுறைக்கு வர இன்னும் பல வருஷங்கள் பிடித்தன. நாய்கள் இருட்டோடு மலையேறும், வெயில் ஏறும்போது திரும்பும். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் காது மடலையும் விரித்து, விரலிடுக்கிலும் தேடி, உண்ணியைப் பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போடுவாள். ரத்தம் குடித்து ஊதிய உண்ணிகள் ஆமணக்கு முத்து நிறத்தில் கிண்ணத்தின் அடியில் கிடக்கும். பாட்டிக்கு அது அரிப்பு பற்றிய கவலை மட்டுமே.

செவலை என்ற நாயைப் பன்றி கிழித்த கதையை இன்றும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் சொல்வார்கள். வயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, தாத்தா வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவி, சரிந்த குடலை உள்ளே தள்ளி, கோணி ஊசியால் தைத்து மஞ்சளை அப்பினார். செவலை பிழைத்து மறுவருஷம் மறுபடி மலையேறியது. அதனால்தான் அந்தக் கதை நிலைத்தது. அதே திண்ணையில் தையல் போட்டும் செத்துப்போன நாய்களின் பெயரை யாரும் சொல்வதில்லை.

பன்றி கிழித்தால் காயமாவது கண்ணுக்குத் தெரியும். வேறு சில சமயம் காயமே இல்லாமல் திடீரென்று ஒரு நாய் தின்பதை நிறுத்திவிடும். ஈறு வெளுத்துப்போகும், மூத்திரம் காப்பி நிறத்தில் இறங்கும். "ரத்தம் சுண்டிப்போச்சு" என்று சொல்லி ஆட்டு ஈரலை வேகவைத்துக் கொடுப்பார்கள். பெரும்பாலும் பிழைக்காது. பாட்டி கிண்ணத்தில் போட்ட உண்ணிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு திண்ணைக்குத் தெரியாவிட்டாலும் விஞ்ஞானத்துக்கு அப்போதே தெரிந்துதான் இருந்தது. 1910-இல் டபிள்யூ. எஸ். பாட்டன் என்ற ஆராய்ச்சியாளர், குதிரையேறி நரி வேட்டையாடிய 'மெட்ராஸ் ஹன்ட்' கூட்டத்தின் நாய்களுடைய ரத்தத்தில் ஒரு புதிய ஒட்டுண்ணியைக் கண்டு எழுதினார். பிறகு அதையே நரியின் ரத்தத்திலும் கண்டார். சிவப்பணுக்களுக்குள் குடியேறி அவற்றை உடைக்கும் அந்தக் கிருமிக்கு இன்று பபேசியா கிப்சோனி என்று பெயர். ஒரு பிராணியிடமிருந்து இன்னொன்றுக்கு அதைச் சுமப்பது உண்ணி. வேட்டையாடப்பட்ட நரிக்கும் வேட்டையாடிய நாய்க்கும் உள்ளே ஒரே நோய். அது கண்டறியப்பட்டதே நம் சென்னையில்தான் என்பதை வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்றும் இதை உடம்பிலிருந்து முழுக்கத் துடைத்தெடுப்பது கடினம். நாய் தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் கிருமி உள்ளே பதுங்கியிருக்கும்.

நரி செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். கடலைக் காட்டில் பகலில் வந்த ஒரு நரி எங்கள் நாயின் மூக்கைக் கடித்துவிட்டது. ஆளைக் கண்டும் ஓடாத நரி. சுண்ணாம்பு தடவினார்கள், காயம் ஆறியது, எல்லோரும் மறந்துபோனோம். சில வாரம் கழித்து அந்த நாய் மாட்டுத் தொழுவத்தின் இருட்டில் போய்ப் படுத்துக்கொண்டது, குரல் மாறியது, கஞ்சி ஊற்றப்போன சின்ன அத்தையின் கையைக் கவ்வியது. நாயை அடித்துக் கொன்றார்கள். அத்தைக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. அந்த வெறிநோய்த் தடுப்பூசி செம்மறியாட்டு மூளைத் திசுவிலிருந்து செய்யப்பட்டது, இந்தியாவில் 2005 வாக்கில்தான் கைவிடப்பட்டது. அத்தை வயிற்றைப் பிடித்தபடி பஸ் ஏறிப் போய் வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது. அவள் பிழைத்தாள். நாய்க்கு முன்னமே ஓர் ஊசி போட்டிருந்தால் நாயும் பிழைத்திருக்கும், அத்தைக்கும் அந்தப் பாடு வந்திருக்காது.

குட்டிகள் கணக்கிலேயே வராது. கண்ணில் பீளை கட்டி, மூக்கு ஒழுகி, கடைசியில் கால் வெட்டி வெட்டி இழுத்துச் சாகும். இன்று அதை டிஸ்டெம்பர் என்கிறோம். ஈற்றுக்கு ஒன்றிரண்டு நின்றால் போதும் என்பார் தாத்தா. நின்றதைப் பார்த்துத்தான் ஊர் கல்லுக்குண்டு என்றது. இன்று குட்டிகளை அதிகமாகக் கொல்லும் பார்வோ அந்தக் குட்டிகளின் காலத்தில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பூனைக் குடும்பத்து வைரஸ் ஒன்றை ஒத்த கிருமி நாய்க்குத் தாவி, 1978-இல் அடையாளம் காணப்பட்டு, ஓரிரு வருஷத்தில் உலகம் முழுக்கப் பரவியது. இல்லாத நோய்க்கு அவர்கள் ஊசி போடாததை இன்றைய குட்டிக்கு முன்னுதாரணமாகக் காட்டுவது நியாயமில்லை.

இப்போது கோத்தகிரி. ஜூலி மலையேறுவதில்லை, கேட்டைத் தாண்டுவதே கழுத்துப்பட்டையோடுதான். ஆனால் காடு எங்கள் வாசலுக்கு வருகிறது. தேயிலைத் தோட்டத்திலிருந்து கரடி இறங்கி அடுக்களைக் கதவை உடைக்கிறது. காட்டெருமை காலையில் ரோட்டில் நிற்கிறது. குப்பைத் தொட்டிக்குப் பன்றி வருகிறது, பன்றிக்குப் பின்னால் எலியும் பெருச்சாளியும். இவற்றின் மூத்திரம் கலந்த தேங்கிய நீரை நக்கினாலோ, அதில் காலில் சிராய்ப்போடு நடந்தாலோ நாய்க்கு எலிக்காய்ச்சல் வரும். ஈரலும் சிறுநீரகமும் ஒருசேரக் கெடும், நாயிடமிருந்து நமக்கும் தொற்றும். தண்ணீர்க் கிண்ணத்தை ராத்திரி வெளியே விடாதே என்று வீட்டில் நான் சத்தம் போடுவதற்குக் காரணம் இதுதான்.

சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை. மகாராஷ்டிரத்தின் அகோலே வட்டாரத்தில் சிறுத்தையின் எச்சத்தை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வில், அது தின்ற இரைகளில் வீட்டு நாய்தான் முதலிடத்தில் இருந்தது. எங்கள் கால்நடை டாக்டரம்மா ஊரில் எல்லோரிடமும் கெஞ்சுகிறார். "காவலுக்குன்னு ராத்திரி வெளிய கட்டாதீங்க சார். கட்டின நாயால ஓடக்கூட முடியாது."

சென்ற மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு நாய் கீரி ஒன்றைக் கவ்வியது. கீரி திருப்பிக் கடித்ததில் உதட்டில் இரண்டு சின்னப் பல் தடம், மயிரை விலக்கினால்தான் தெரியும். அந்த வீட்டுப் பெண் கையுறை போட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்கக் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேராக டாக்டரம்மாவிடம் தூக்கிப்போனாள். வருஷ ஊசி தவறாமல் போட்ட நாய்தான், ஆனாலும் வெறிநோய்க்கு மறுபடி ஊசி போட்டார். கீரியும் நரியும் அந்தக் கிருமியைச் சுமக்கக்கூடியவை. அறிகுறி தோன்றிவிட்டால் எந்த மருத்துவமும் இல்லை. அந்த நாய் இப்போது நன்றாக இருக்கிறது.

தொற்று எதிர்த்திசையிலும், நாயிடமிருந்து காட்டு விலங்குக்கு, ஓடும். 2018-இல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது அவற்றில் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது தெரியவந்தது. முதுமலைச் செந்நாய்க்கும் அது வரலாம். ஊசி போடாத நாயைக் காட்டோரம் விடுவது இரண்டு பக்கத்துக்கும் செய்யும் துரோகம்.

என் அண்ணன் மகன் ஊரில் திராட்சைத் தோட்டத்துக்குக் காவலாக ஒரு கோம்பைக் குட்டி வாங்கப்போகிறான். எழுதி அனுப்பியிருக்கிறேன்: ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் முடியும் வரை. எலிக்காய்ச்சல் ஊசியும் சேர வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. உண்ணி மருந்தை மாதம் தவறவிடாதே, ராத்திரி உள்ளே படுக்க வை. பன்றி மேல் ஏவாதே. பன்றியை விரட்டத்தானே சித்தப்பா வாங்குகிறேன் என்று கேட்கிறான். வேலியைப் பலப்படுத்து, நாய் குரைத்தால் போதும் என்றேன். இன்னும் சம்மதிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை மறுபடி பேச வேண்டும்.