சிறார் பிறந்தநாள் விழாவில் பதற்றத்தின் தோற்றமும் பரவலும்: கண்டி மாநகரை முன்வைத்து ஒரு முன்னாய்வு

கண்டி இராச்சியத்தின் வீழ்ச்சி பற்றி நூல்கள் உண்டு. எசல பெரஹராவின் யானைகள் பற்றியும், பேராதனைப் பூங்காவின் ஓர்க்கிட்டுகள் பற்றியும் உண்டு. ஏழு வயதுப் பிள்ளைக்கு நகரத்துக்குள் ஒரு ஹோல் எடுத்துப் பிறந்தநாள் வைக்கும் தாய்தகப்பனுக்கு இரத்த அழுத்தம் எங்கிருந்து ஏறுகிறது என்ற கேள்வியைத்தான் அறிஞருலகம் தொடாமல் விட்டிருக்கிறது. அக்குறையைப் போக்குவதே இம்முன்னாய்வின் நோக்கம்.

முதலில் அலகு. வெப்பத்துக்குச் செல்சியஸ் இருக்கிறது, மின்னழுத்தத்துக்கு வோல்ற் இருக்கிறது, விழாப் பதற்றத்துக்கு எதுவும் இல்லை. ஆகவே 'சித்தப்பா' என்ற அலகு இங்கே முன்மொழியப்படுகிறது. வாசலோரக் கதிரையில் அமர்ந்த ஒருவர், கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல், "கேக் எப்பம்மா வெட்டுறது?" என்று ஒரு தடவை கேட்பதால் பிள்ளையின் தாயிடத்தில் உண்டாகும் அழுத்தமே ஒரு சித்தப்பா எனப்படும். ஒப்பீட்டுக்காக: ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் நெக்டோவைக் கவிழ்ப்பது ஏறத்தாழ நாற்பது மில்லிசித்தப்பா. அதே சம்பவத்தைக் கவிழ்த்த பிள்ளையின் பெரியம்மா பார்த்துவிட்டால் மூன்று சித்தப்பா.

கருதுகோள் இனித் தானாகவே துலங்கும். சிறார் விழாவின் பதற்றத்துக்கும் சிறார் தொகைக்கும் தொடர்பில்லை. இருபது பிள்ளைகளை ஓர் அறையில் விட்டால் அவர்கள் பத்து நிமிடத்தில் தங்களுக்குள் ஓர் அரசையும் அதற்கொரு எதிர்க்கட்சியையும் அமைத்துக்கொண்டு ஓடத் தொடங்குவார்கள். அவர்களுக்கு நிகழ்ச்சி நிரல் தேவையில்லை. பதற்றம் பெரியவர்களின் தொகையோடுதான் ஏறுகிறது, அதுவும் நேர்கோட்டில் அல்ல. பெரியவர் இருவர் சேர்ந்தால் ஒப்பிட்டுப் பேசுவார்கள், மூவர் சேர்ந்தால் போன வருடம் பார்த்த வேறொரு பிறந்தநாளை நினைவுகூர்வார்கள்.

"அப்படியென்றால் பிள்ளைகள் கேக்கைத் தின்றுவிட்டு ஆடும் ஆட்டம்?" என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் விடை இருக்கிறது. 1994இல் ஹூவர், மிலிச் என்ற இரு உளவியலாளர்கள் ஐந்து முதல் ஏழு வயதுவரையான ஆண் பிள்ளைகளுக்குச் சீனியே இல்லாத பானத்தைக் கொடுத்தார்கள். தாய்மாரில் ஒரு பாதியினரிடம் மட்டும் 'உங்கள் பிள்ளைக்கு நிறையச் சீனி கொடுத்திருக்கிறோம்' என்று பொய் சொன்னார்கள். அந்தத் தாய்மார் தங்கள் பிள்ளை அடங்காமல் துள்ளுவதாகக் குறித்ததோடு நிற்கவில்லை. பிள்ளைக்குப் பக்கத்தில் நெருங்கிப்போய் இருந்து அதிகமாகக் குறையும் சொன்னார்கள். அடுத்த வருடம் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த வேறொரு குழுவும், பிள்ளைகளின் நடத்தையைச் சீனி மாற்றுவதாகக் காணவில்லை என்றது. அறையில் உண்மையில் துள்ளியது யார் என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

இனி நாள் குறிக்கும் சிக்கல். பிற இடங்களில் இது ஒரு வட்ஸ்அப் செய்தியோடு தீர்ந்துவிடலாம். கண்டி வகுப்பறையில் தீராது. அங்கே சிங்களப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை மூவரும் ஒரே வாங்கில் இருப்பது சாதாரணம். ஞாயிறு காலையில் ஒருவர் தஹம் பாசலுக்கும், ஒருவர் அஹதியாவுக்கும், ஒருவர் அறநெறிப் பாடசாலைக்கும் போகிறார்கள். மூன்று சமயங்களும் இந்த நாட்டில் ஒருமனதாக ஒத்துக்கொண்ட விடயம் ஞாயிற்றுக்கிழமை காலை பிறந்தநாள் வைக்கக்கூடாது என்பதுதான். வெள்ளி பாடசாலை நாள், நடுப்பகலில் ஜும்ஆவும் உண்டு. போயா தினம் விடுமுறை, ஆனால் இறைச்சிக் கடைகள் பூட்டு. ஓகஸ்ற்றை ஒட்டிப் பெரஹரா வந்தால் பின்னேரமே வீதிகளை மூடிவிடுவார்கள், கேக்கோடு தலதா வீதிக்குள் நுழைய நினைப்பவர் யானைகளுக்கு வழி விட வேண்டும். ஒக்டோபர், நவம்பரில் மத்தியானத்துக்குப் பிறகு இடியோடு மழை இறங்கும்.

எஞ்சுவனவற்றில் முதலில் கண்ணில் படுவது ஞாயிறு பின்னேரம். பெரும்பாலான பெற்றோர் அங்கேதான் போய் விழுகிறார்கள். ஞாயிறன்று இராகுகாலம் நாலரையிலிருந்து ஆறு மணி வரை என்பது அழைப்பிதழ் அச்சாகி, ஹோலுக்கு முற்பணமும் கட்டிய பிறகு மாமியார் மூலம் தெரியவரும். நாலரைக்கு முன் கேக் வெட்டலாம், வெட்டுவதைப் பார்க்க எவரும் வந்திருக்கமாட்டார்கள். ஆறுக்குப் பின் வெட்டலாம், பிறந்தநாள்காரர் கதிரை இரண்டைச் சேர்த்துப்போட்டு அதன்மேல் நித்திரையாகியிருப்பார்.

ஏன் எவரும் வந்திருக்கமாட்டார்கள்? கண்டியின் வரலாறே அதற்கு விளக்கம். சுற்றிவர மலை, காலடியில் மகாவலி. 1638இல் கன்னொருவையில் தோற்ற போர்த்துக்கேயருக்கு இந்தப் புவியியல் நன்றாகத் தெரியும். 1765இல் ஒல்லாந்தரும், 1803 பெப்ரவரியில் ஆங்கிலேயரும் எப்படியோ தலைநகருக்குள் புகுந்தார்கள். இரண்டு தடவையும் நகரம் காலியாகக் கிடந்தது, அரசன் முன்பே பரிவாரத்தோடு மலைப்பக்கம் போயிருந்தான். நாலு மணி என்ற அழைப்பை நம்பி நாலு மணிக்கே வந்து நிற்கும் விருந்தாளியின் அனுபவமும் இம்மியளவு மாறாதது. ஹோலில் மின்விசிறி சுற்றுகிறது, பலூன் கட்டும் பையன் மட்டும் இருக்கிறான். வீட்டுக்காரர் கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கெட்டம்பேயில் வாகன நெரிசலில் நிற்கிறார்.

இன்று நகரத்துக்குள் வர நாலு பெருவழிகள்: கொழும்புப் பக்கத்தாருக்கு கடுகண்ணாவை, கம்பளைக்காரருக்குத் தெற்கு வழி, மாத்தளை, அக்குறணைக்காரருக்குக் கட்டுகஸ்தோட்டை, திகணைக்காரருக்குத் தென்னக்கும்புர. முதல் இரண்டும் பேராதனையில் வந்து முட்டிக்கொள்கின்றன. அங்கிருந்து நகர மையம் ஆறு கிலோமீற்றர்தான். அந்த ஆறு கிலோமீற்றரைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதைக் கண்டி மக்கள் மணிக்கணக்கில் சொல்வதில்லை, "பார்ப்பம்" என்றுதான் சொல்வார்கள். பொறுப்புள்ள விருந்தாளி ஆகவே நாலு மணியை ஐந்தாகக் கணக்கிடுகிறார். இதை அறிந்த வீட்டுக்காரர் ஐந்து மணிக்கு வரவேண்டியவர்களுக்கு நாலு என்று போடுகிறார். வீட்டுக்காரர் அப்படித்தான் போட்டிருப்பார் என்பதை அறிந்த விருந்தாளி ஆறுக்கு வருகிறார். இந்தத் தொடரின் எல்லையைக் கணிதத்துறையினர் காணட்டும்.

மண்டபக்காரரின் 'பக்கேஜ்' என்ற நிறுவனத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது அமைதியை விற்பதாகச் சொல்லித் தலைகளை எண்ணுகிறது. வாவியைப் பார்த்த ஹோட்டலானாலும், கடைத்தொகுதியின் மேல்மாடியானாலும் உரையாடல் ஒன்றேதான்.

"மிஸ், ஐம்பது பேருக்குக் குறைஞ்சா ஹோல் தர ஏலாது."

"பிள்ளைகள் பதினெட்டுப் பேர்தானே தம்பி?"

"அப்ப மிச்சத்துக்குப் பெரியாக்களைச் சொல்லுங்களேன்."

பதற்றத்தின் தோற்றுவாய் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. பதினெட்டுப் பிள்ளைகளின் விழா, மண்டபத்தின் குறைந்தபட்சத் தொகையை நிரப்புவதற்காக முப்பத்திரண்டு பெரியவர்களை உள்ளே இழுக்கிறது. அவர்களில் ஒருவரை அழைத்தால் அவருடைய அண்ணனை விடமுடியாது. 1944இல் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்கு மாற்றி, பர்மாப் போரை அங்கிருந்து நடத்தினார். அவர் எதிர்கொண்ட இடர்களை இங்கே குறைத்துச் சொல்லும் எண்ணமில்லை. ஆயினும் இரண்டு மச்சான்மாரில் ஒருவரை மட்டும் கூப்பிடும் நிலை அவருக்கு வரவில்லை.

பெரியவர்கள் வந்தால் உணவுப்பட்டியல் வருகிறது. 1815 மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவவில் ஒரு இராச்சியத்தையே கைமாற்ற 12 உறுப்புரைகள் போதுமாயின. அரை மைலுக்குள், இரண்டு நூற்றாண்டுக்குப் பின், ஒரு பிறந்தநாளின் 'சோர்ட் ஈட்ஸ்' தட்டுக்கு அது காணாது. மாட்டிறைச்சி கூடாது, பன்றி கூடாது. கோழி ஹலாலாக இருக்க வேண்டும், அது ஹலால்தான் என்பது கேட்காமலே தெரியும்படி இருக்க வேண்டும். ஜெலியில் ஜெலட்டின் போடாமல் கடற்பாசியில் செய்ய வேண்டும். அம்மம்மாவுக்கு மரக்கறி ரோல்ஸ், ஆனால் மீன் கட்லட் பொரித்த எண்ணெயில் பொரிக்கக்கூடாது. வட்டிலப்பம் வைத்தால் எல்லோருக்கும் சந்தோசம், அதில் முட்டை இருப்பதை யாராவது அம்மம்மாவுக்கு ஞாபகப்படுத்தும் வரை. பெட்டிஸா ரோல்ஸா என்பதில் இரு குடும்பங்கள் இரண்டு அணியாகப் பிரிந்ததையும் கள ஆய்வு கண்டிருக்கிறது. இவ்வளவு பேச்சுவார்த்தைக்கும் பிறகு பிள்ளைகள் உண்பது சிப்ஸ், ஐஸ்கிரீம், கேக்கின் மேற்பூச்சு. கேக்கை உண்பதில்லை. அது கடதாசித் தட்டில், ஒரு விரல் பதிந்த குழியோடு, ஜன்னலோரம் கிடக்கும்.

விளையாட்டுகளைப் பற்றி நீட்டத் தேவையில்லை. சங்கீதக் கதிரையில் ஒரு கதிரையை எடுத்துவிட்டுக் கடைசியில் ஒரு பிள்ளையை அழவைப்பது பெரியவர் கண்டுபிடிப்பு. யானைக்குக் கண் வைத்தல் மேலானது, சித்திரைப் புத்தாண்டில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் விளையாடுவதால் விதி சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பலூன் எல்லாவற்றிலும் மேலானது. 1876இல் கியூ பூங்காவிலிருந்து வந்த இறப்பர் நாற்றுகளைப் பேராதனைப் பூங்காவின் பொறுப்பிலிருந்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்டதிலிருந்து இந்த நாட்டுக்கும் அந்தப் பாலுக்கும் உறவு. முப்பது பலூனும் ஒரு காலி அறையும் இருந்தால் மந்திரவாதிக்குக் கொடுக்கும் காசு மிச்சம். மந்திரவாதியைக் கேட்பதும் பெரியவர்கள்தான்.

மெழுகுதிரி ஊதும் சடங்கில் மட்டும் ஆய்வாளர் கொஞ்சம் சங்கடப்படுகிறார். 2017இல் தென் கரோலைனாவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தார், ஊதிய பின் மேற்பூச்சில் நுண்ணுயிரிகள் சராசரியாக 1,400 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். இந்தத் தகவலை விழாவிலே அறிவித்தால் நாலு சித்தப்பாவுக்குக் குறையாது, "நாங்களும் ஊதித்தானே வளர்ந்தம்" என்ற எதிர்க்கருத்தும் பதிவாகும். ஆகவே பிள்ளை ஊத ஒரு சிறிய கேக், பகிர வேறொரு கேக் என்று பேசாமல் வைத்துவிடுவதே நல்லது. ஊதும்போது பாடும் பாட்டுக்குக் கட்டணமில்லை. அந்த மெட்டு கென்டக்கியைச் சேர்ந்த ஹில் சகோதரிகள் பாலர் பாடசாலைக்காக 1893இல் வெளியிட்டது. பாட்டின்மேல் ஒரு பெருநிறுவனம் கொண்டாடிய உரிமையை 2015இல் அமெரிக்க நீதிமன்றம் தள்ளிவிட்டது. மூன்று மொழியிலும் பாடலாம், மூன்றையும் ஒரே நேரத்தில் பாடுவதுதான் கண்டி வழக்கம்.

மேற்கண்டவற்றிலிருந்து ஓர் ஏற்பாடு பிறக்கிறது. சனிக்கிழமை. இராகுகாலம் பத்தரைக்கு முடிகிறது, பத்தரைக்குத் தொடக்கம், பன்னிரண்டரைக்கு முடிவு. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் ரியூஷன் இன்னும் ஏழு வயதைப் பிடிக்கவில்லை, மழையும் மத்தியானத்துக்குப் பிறகுதான். எல்லாவற்றுக்கும் மேலாக மத்தியானச் சாப்பாடு கிடையாது. சோறில்லாத விழாவுக்குப் பெரியவர்கள் தாமாகவே வர விரும்பமாட்டார்கள், யாரையும் வேண்டாம் என்று சொல்லும் பழியும் வராது. ஐம்பது பேர் கேட்கும் ஹோலை விட்டு, காலையில் வெறிச்சோடிக் கிடக்கும் ஓர் உணவகத்தின் மேல்மாடியைக் கேட்டால் மகிழ்ச்சியோடு தருவார்கள்.

எஞ்சிய ஒரே சிக்கல் விழாவை முடிப்பது. இதில் கண்டிக்கு நல்ல பெயரில்லை. 1660இல் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரை இரண்டாம் இராஜசிங்கன் விலங்கிட்டு வைக்கவில்லை, ஊராரைச் சோறு போடச் சொல்லி வைத்திருந்தான். அவர் 1679இல் தப்பி ஓடித்தான் வீடு போய்ச் சேர்ந்தார். அழைப்பிதழில் முடியும் நேரத்தை அச்சிடலாம்தான், ஆனால் அதை இங்குள்ளவர்கள் 'எழும்பிப் போ' என்று படிப்பார்கள். உறவினர் சொன்னால் மனத்தாங்கல், ஹோட்டல்காரர் சொன்னால் சண்டை.

கண்டியில் எல்லாப் பெற்றோரும் மறுபேச்சில்லாமல் கீழ்ப்படியும் ஒரே அதிகாரம் பாடசாலை வான் அங்கிள். அவர் ஆறரைக்கு என்றால் ஆறரைக்கு வாசலில் நிற்க வேண்டும், அதிபரும் சரி, வைத்தியரும் சரி. பெரஹராக் காலத்தில் எந்த ஒழுங்கைக்குள்ளால் போய் எங்கே மிதக்கலாம் என்பதும் அவருக்கே தெரியும். சனிக்கிழமை வான் சும்மா நிற்கிறது. பேசிப் பார்த்தால் ஒரு தொகைக்குப் பதினெட்டுப் பிள்ளைகளையும் வீடு வீடாக ஏற்றிக்கொண்டு வந்து, கீழே ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு, பன்னிரண்டரைக்கு ஹோர்ன் அடிப்பார். வானில் பெரியவருக்கு இடமில்லை. இடம் கேட்டு வருபவரிடம் அவரே சொல்லிவிடுவார்: "இல்ல சேர், சீற் கணக்குச் சரி."