பந்தி விரிச்சவன் பல்லைக் கடிக்கலாமா?

ஏன் நைனா, திருப்பதியில அலிபிரி பக்கம் புது வீடு கட்டி, மொட்டைமாடியில குருவிக்குன்னு தீனிப்பெட்டி தொங்கவிட்டியாமே! சந்தோஷம். ஆனா குருவி வரலியாம்; மைனாவும் புறாவும் காக்காவும் குடும்பத்தோட வந்து குந்திக்கிச்சாம். நீயும் துண்டைச் சுழட்டிக்கிட்டு காலங்காத்தால மாடியில ஆடுறியாம். எதிர்வீட்டுப் பசங்க பல்லு விளக்குறதை நிறுத்திட்டு வேடிக்கை பார்க்குதுங்களாம்.

மேல திருமலையில 1985ல என்.டி.ராமாராவ் நித்ய அன்னதானத்தைத் தொடங்கி வெச்சாரு. இன்னிக்கும் தரிகொண்ட வெங்கமாம்பா கூடத்துல பந்தி நடக்குது. உட்கார்ந்தவனைப் பார்த்து, "நீ பக்தியில வந்தியா, பசியில வந்தியா"ன்னு யாரும் கேட்கிறதில்ல. நீ அரைப்படி கம்பைக் கொட்டிட்டு ஆதார் கார்டு கேட்கிறே!

மைனா அடாவடிதான். சின்னக் குருவியை விரட்டும், சுவத்துப் பொந்தைப் பிடிச்சுக்கும். அதோட கெட்ட பேரு கடல் தாண்டியும் போயிருக்கு. 1862ல, பூச்சியைத் தின்னட்டும்னு வெள்ளைக்காரன் கப்பல்ல ஏத்தி மெல்போர்னுக்குக் கொண்டுபோனான். அங்க பெருகினதும் திட்ட ஆரம்பிச்சான். ஊரு விட்டு ஊரு போய்ப் படுத்துற உயிர்கள்ல மோசமான 100ஐ 2000ஆம் வருஷம் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியல் போட்டுச்சு. அதுல பறவை மூணே மூணு. ஒண்ணு மைனா. இன்னொண்ணு, உன் ஸ்கூட்டர் கண்ணாடியில தன் மூஞ்சியையே எதிரின்னு கொத்துதே, அந்தக் கொண்டைக்குருவி. மூணாவது ஸ்டார்லிங், மைனாவுக்குப் பங்காளி. 1890ல நியூயார்க் பூங்காவுல ஒரு மனுஷன் 60 பறவையை அவுத்துவிட்டான்; இப்போ அமெரிக்கா பூரா கோடிக்கணக்குல மேயுது. மூணுல ரெண்டு நம்ம ஊருப் பிள்ளைங்க, பெருமைப்படு! எதுவும் தானா டிக்கெட் எடுத்துக்கிட்டுப் போகல. கூட்டிட்டுப் போனவன் பேரு மட்டும் அந்தப் பட்டியல்ல கிடையாது.

இங்க மைனா வந்தேறியும் இல்ல நைனா. உன் வீடு நிக்கிற இடம் முந்தாநாளு வரைக்கும் மாந்தோப்பு.

என்னையும் யோக்கியன்னு நினைச்சுடாத. அமாவாசைக்குக் காக்காவைக் கெஞ்சிக் கூப்பிட்டு சோறு வைக்கிறேன்; மறுநாளு அதே காக்கா மல்லாட்டை காயிற களத்துல இறங்கினா கல்லெடுக்கிறேன். அம்மன் கையில கிளியைப் பார்த்தா கன்னத்துல போட்டுக்கிறேன். அது தோத்தாபுரி மாமரத்துல உட்கார்ந்தா தகரம் தட்டுறேன். நம்ம மரியாதை எல்லாம் பஞ்சாங்கம் பார்த்துத்தான் வரும்.

குருவிதான் வேணும்னா வழி இருக்கு. மிச்சப் பொங்கலு, பிஸ்கட்டு, மிக்சரு கொட்டுறதை மொதல்ல நிறுத்து. மைனாவுக்கு அதெல்லாம் அழைப்பிதழ். பழமும் பூச்சியும் மெத்துனு தின்னு பழகின வாய் அது. உமி உரிக்கிற வேலை குருவி அலகுக்குத்தான் வரும். பெட்டியைக் கழட்டிட்டு, நம்ம ஆளுங்க கோயில்லயும் திண்ணையிலயும் கட்டுற மாதிரி நெல்லுக்கதிரைக் குஞ்சமாக் கட்டித் தொங்கவிடு. குருவி கதிரைப் பிடிச்சு ஊஞ்சலாடிக்கிட்டே தின்னும். புறா உடம்புக்கு அந்த வித்தை வராது. கீழ சிந்தினதை அன்னன்னிக்கே கூட்டிடு. தண்ணிச் சட்டியைத் தினம் கழுவு. கூடு கட்ட மரப்பெட்டி வெச்சா, வாசல் மூணு சென்டிமீட்டருக்குச் சித்தே கூட இருந்தாப் போதும். மைனாவால உள்ள நுழைய முடியாது.

இவ்வளவுக்கும் மேல மைனா வந்தா? மாமியார் வந்தா என்ன செய்வியோ அதையே செய். சிரிச்ச முகமா இரு, பத்து நாளு பொறுத்துக்க, அவங்களுக்குப் பிடிக்காத சமையலாப் பார்த்து வை. இதை நான் சொன்னேன்னு மட்டும் உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாத; எனக்கும் அந்த வீட்டுல அப்பப்போ சாப்பிட வேண்டியிருக்கு.